மொட்டை மாடியில் சோலார், மேசைக்கடியில் பேட்டரி: ஒன்றரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில், பாமணியாற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில் எங்கள் வீடு இருக்கிறது. 2024 ஜூன் மாதம் மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் சோலார் அமைத்தோம். அதே ஆண்டு அக்டோபரில் ஒரு சைன்வேவ் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வாங்கினோம். இரண்டையும் ஒன்றரை ஆண்டு பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதும் மதிப்பீடு இது. விற்றவர்களின் பெயரையும் கம்பெனிகளின் பெயரையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை எந்தக் கம்பெனிப் பொருளை வாங்கினாலும் இருக்கக்கூடியவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்கட்டணம் குறைய வேண்டும் என்பவர்கள் சோலார் போடலாம். வீட்டிலிருந்து செய்யும் வேலை நடுவில் நிற்கக் கூடாது என்பவர்கள் முதலில் பேட்டரிதான் வாங்க வேண்டும். நான் இந்த வரிசையை மாற்றிச் செய்தேன். பட்ட பிறகுதான் புரிந்தது.

என் தொழிலைச் சொன்னால்தான் எனக்கு ஏன் இவை தேவைப்பட்டன என்பது விளங்கும். மன்னார்குடியில் ஒரு சிறிய டி.டி.பி. கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டுமலர் என்று ஓடிக்கொண்டிருந்த கடை அது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், கடையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு கம்ப்யூட்டர்களும் லேசர் பிரிண்டரும் மழையில் ஊறிக் கிடந்தன. அந்த வாரம் அச்சுக்குப் போக வேண்டிய மூன்று பத்திரிகைகளின் கோப்புகளும் அவற்றுக்குள்ளேயே போய்விட்டன. தென்னைகள் சாய்ந்ததைப் போலவே மின்கம்பங்களும் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததால், வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஊழியர்கள் வந்து வேலை பார்த்தும் எங்கள் கிராமத்துக்கு மின்சாரம் வரப் பத்தொன்பது நாட்கள் ஆயின. கடையைத் திரும்பத் திறக்கவில்லை. ஒரு மடிக்கணினி வாங்கி, வீட்டிலிருந்தபடியே தமிழ் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுக்கும் வேலைக்கு மாறினேன். இப்போது அந்த வேலையும் உருமாறிவிட்டது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் முதலில் எழுதிவிடுகிறது. ‘வாய்க்கா’ என்று ஒரு விவசாயி சொன்னதை அது ‘வாய்க்கு’ என்று எழுதியிருந்தால் திருத்திக் கொடுப்பது என் வேலை. அந்தத் திருத்தத்தைப் பார்த்து மென்பொருள் கற்றுக்கொள்ளும் என்கிறார்கள்.

சோலார் விஷயத்துக்கு வருகிறேன். பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்பது மானியக் கணக்கு. எங்களுக்கு மொத்தச் செலவு 1,95,000 ரூபாய்; மானியம் போக 1,17,000 ரூபாய் கைப்பணம். 540 வாட் பேனல்கள் ஆறு, பேனலில் வரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் ஒரு சோலார் இன்வெர்ட்டர், இரும்புச் சட்டங்கள், எர்த்திங், இரு திசையிலும் கணக்கெடுக்கும் நெட் மீட்டர் எல்லாம் இதில் அடக்கம். சட்டங்களை உறுதியாகவே அமைத்தார்கள். கஜாவைப் பார்த்த ஊர் என்பதால் போல்ட்டுகளை நானே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை அளவில்தான். எங்கள் வீட்டில் ஏ.சி. கிடையாது. இரண்டு மாதத்துக்கு 520 யூனிட் அளவில்தான் ஓடும். ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் கொடுக்கும் என்று வைத்தால், இரண்டு கிலோவாட்டே இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் தந்துவிடும். ‘மானியம் முழுசா கிடைக்கும்’ என்று சொல்லி மூன்று கிலோவாட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள். ‘நாலு வருஷத்துல போட்ட காசு வந்துடும்’ என்றும் சொன்னார்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், எங்களைப் போன்ற வீட்டின் பழைய கட்டணமே 2,200 ரூபாயைச் சுற்றித்தான் இருந்தது. அதை ஏறக்குறைய முழுவதுமாக மிச்சப்படுத்தினாலும் ஆண்டுக்குப் பதின்மூவாயிரத்தைத் தாண்டாது. ஆக ஒன்பது ஆண்டுகள். பேனல்களுக்கு இருபத்தைந்து ஆண்டு உத்தரவாதம் என்பதால் இது நஷ்டக் கணக்கு அல்ல. ஆனால் நான்கு ஆண்டு என்று நம்பிக் கடன் வாங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் மாதமே ஒரு விசித்திரம் நேர்ந்தது. நல்ல வெயில் அடிக்கும் நாட்களில், காலை பதினொரு மணிக்கு மேல், சோலார் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானே ஓடும், மறுபடியும் நிற்கும். மேகம் சூழ்ந்த நாளில் இந்தத் தொல்லை குறைவாக இருந்ததால் பேனலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 165 வோல்ட் காட்டியது. அந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. தண்ணீர் போதாமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் குறுவை நெல்லுக்கு ஊர் முழுக்க போர்வெல் மோட்டார்கள் ஓடின. வெயில் ஏற ஏற மோட்டார்களும் கூடின, வோல்டேஜ் இறங்கியது, வோல்டேஜ் இறங்கியதும் இன்வெர்ட்டர் தன் பாதுகாப்புக்காக லைனிலிருந்து விலகிக்கொண்டது. ஆக, சூரியன் தாராளமாகக் கொடுத்த நாட்களிலேயே என் மாடியில் ஒன்றும் விளையவில்லை.

ஆகஸ்ட்டில் பாமணியாற்றில் தண்ணீர் வந்தது. மோட்டார்கள் நின்றன. வோல்டேஜ் 220-க்கு ஏறியது. சோலார் ஒரு முறைகூட நிற்காமல் ஓடியது. 2025-ல் மேட்டூரை ஜூன் 12-லேயே திறந்துவிட்டதால் முந்தைய ஆண்டின் சிக்கல் கால்வாசிகூட இல்லை. காவிரியில் தண்ணீர் வந்தால் மாடியில் மின்சாரமும் கூடும் என்று எந்த விற்பனையாளரும் சொல்லித் தரமாட்டார். டெல்டாவில் சோலார் போடப்போகிறவர்கள் ஒரு மல்டிமீட்டரைக் கடன் வாங்கியாவது, குறுவை நாற்றங்கால் நேரத்தில், பகல் பன்னிரண்டு மணிக்குத் தங்கள் வீட்டு வோல்டேஜை ஒரு வாரம் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.

பெரிய அடி செப்டம்பரில் விழுந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்தடை என்று முந்தைய நாளே செய்தித்தாளில் வந்திருந்தது. நம் வீட்டில்தான் சோலார் இருக்கிறதே என்று நான் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு நிறுவனத்துக்கு ஆறு மணி நேர ஒலிப்பதிவைத் திருத்தி அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. சரியாக ஒன்பதுக்கு மின்சாரம் போனது. மாடியில் சுள்ளென்று வெயில். ஆனால் வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. விற்றவருக்கு போன் செய்தேன். ‘ஆமாங்க, கரண்ட் போனா இதுவும் நின்னுடும், அது அப்படித்தான்’ என்று சாதாரணமாகச் சொன்னார். வாங்கும்போது அந்த ‘அப்படித்தான்’ எங்கே போயிற்று என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மடிக்கணினியின் சொந்த பேட்டரி பத்தேமுக்காலுக்குத் தீர்ந்தது. வேலையை மறுநாள்தான் கொடுக்க முடிந்தது. அந்த மாதத்திலேயே அது எனக்கு இரண்டாவது தாமதம். அடுத்த வாரம் அந்த நிறுவனத்திலிருந்து புதிய கோப்புகள் வருவது நின்றது. கேட்டதற்குப் பதிலும் வரவில்லை.

இந்த இடத்தில் சோலாருக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். அன்று மாலை எங்கள் தெருக் கம்பத்தில் வேலை முடித்து இறங்கிய லைன்மேனிடம் என் வயிற்றெரிச்சலைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ‘உங்க மாடியிலேருந்து கரண்ட் லைனுக்கு வந்துருந்தா இப்ப நான் உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்க மாட்டேங்க’ என்றார். லைனில் மின்சாரம் இல்லாதபோது மாடிச் சோலார் தானாக நிற்க வேண்டும் என்பது விதி. கம்பத்தில் ஏறுபவரின் உயிர் அதில் இருக்கிறது. எனவே அது பொருளின் குறை அல்ல. அதைச் சொல்லாமல் விற்றதுதான் குறை. மின்தடையிலும் சோலார் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு இணையும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும். அதன் விலை கூடுதல் என்றாலும், அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருந்தால் மூன்றாவது கிலோவாட்டுக்குக் கொடுத்த பணத்தை அதற்குக் கொடுத்திருப்பேன்.

பிறகுதான் பேட்டரி. எங்கள் ஊர் வயர்மேன் தம்பி ஒருவர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, ‘அக்கா, கரண்ட் போனா எதெல்லாம் ஓடணும்?’ என்பது. சோலார் விற்றவர்கள் யாரும் கேட்காத கேள்வி. ஒரு தாளை எடுத்து எழுதினோம். மடிக்கணினி 50 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறி 28 வாட், ரூட்டர் 10 வாட், எல்.இ.டி. விளக்கு இரண்டு 18 வாட். கூட்டினால் 106, இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் 125 வாட்டுக்குள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். 12.8 வோல்ட், 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரியில் 1,280 வாட்-மணி, அதாவது ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல் இருக்கும் என்பதால் அதையே வாங்கினோம். இன்வெர்ட்டரும் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.

ஆசிட் வகை டியூபுலர் பேட்டரி இதைவிட மலிவு. கடையில் ஒன்று வைத்திருந்தேன். ஐம்பது கிலோவுக்கு மேல் கனம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், மறந்தால் அதன் ஆயுள் குறையும். லித்தியம் பேட்டரி பன்னிரண்டு கிலோதான். அம்மாவே ஒரு நாள் தரை மெழுகுவதற்காக அதைத் தூக்கி நகர்த்தி வைத்திருந்தார். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, ஆசிட் வாடை இல்லை. மின்சாரம் வந்ததும் நான்கு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடுகிறது. மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும் நேரத்தில் மடிக்கணினி மட்டுமல்ல, ரூட்டர்கூட அணைந்து எரிவதில்லை. ஒன்றரை ஆண்டில் பதினாறு பராமரிப்பு நாட்களையும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலுக்கு முன்னோடியாக எங்கள் மாவட்டத்தில் கொட்டிய மழை நாட்களையும் இது தாங்கியிருக்கிறது. அந்த மழை வாரத்தில் மாடிச் சோலார் நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் தரவில்லை என்பதையும் குறித்து வைக்கிறேன்.

இதில் நான் எதிர்பாராத ஒரு நன்மை உண்டு. மின்தடை நாளில் இரண்டு மணி நேரம் கழிந்தால் இணையம் போய்விடும். கேபிள்காரர் தெருமுனையில் வைத்திருக்கும் பெட்டியின் பேட்டரி அவ்வளவுதான் தாங்கும். பிறகு என்னிடம் இருப்பவை காலையிலேயே இறக்கி வைத்துக்கொண்ட ஒலிக்கோப்புகள், ஹெட்போன், 28 வாட் மின்விசிறி. தொலைபேசியில் எதுவும் வராது. பேட்டரியின் சதவீதம் குறைந்துகொண்டே வருவது கண்ணெதிரே தெரிவதால் ஒரு கோப்பை எடுத்தால் முடித்துவிட்டுத்தான் எழத் தோன்றும். சாதாரண நாளில் மூன்று மணி நேர ஒலிப்பதிவைத் திருத்துகிறேன் என்றால், மின்தடை நாளில் நான்கரை மணி நேரத்தைத் திருத்துகிறேன். கூலி ஒலி நேரத்துக்குத்தான் என்பதால் இது என் நோட்டுப் புத்தகத்தில் பணமாகவே தெரிகிறது. இப்போது ரூட்டருக்குத் தனி சுவிட்ச் வைத்து, மின்சாரம் இருக்கும் நாளிலும் காலை ஒன்பதரைக்கு அதை அணைத்துவிடுகிறேன். செப்டம்பரில் கைவிட்ட நிறுவனம் திரும்பி வரவில்லை. வேறு இரண்டு இடங்களில் வேலை கிடைத்திருக்கிறது.

பேட்டரியிலும் குறைகள் உண்டு. அது காட்டும் சதவீதத்தை நம்பக் கூடாது. 34 என்று காட்டிக்கொண்டிருக்கும், அடுத்த முறை பார்த்தால் 12 என்று இருக்கும். லித்தியம் பேட்டரியின் வோல்டேஜ் கடைசி வரை ஒரே மட்டத்தில் நின்று திடீரென்று இறங்குவதால் வரும் குழப்பம் இது என்று வயர்மேன் தம்பி சொன்னார். 30-க்குக் கீழே வந்ததும் எல்லாவற்றையும் சேமித்துவிடுவது என்று நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். இன்னொன்று, வேண்டியதற்கு மட்டும் இன்வெர்ட்டர் லைனைப் பிரித்துக் கொடுக்காவிட்டால் வீட்டிலிருக்கும் எல்லாம் அதில் ஏறும். வாங்கிய இரண்டாம் வாரம், மின்தடை நேரத்தில் அம்மா அடுக்களையில் தேங்காய்ச் சட்னிக்கு மிக்சியைப் போட்டார். ஏற்கெனவே அங்கே அரிசி கொதித்துக்கொண்டிருந்த எலக்ட்ரிக் குக்கரும் அதே பிளக்கில் இருந்தது. மேசைக்கடியில் ‘கீ’ என்று ஒரு சத்தம், அப்புறம் வீடு முழுக்க இருட்டு. அடுக்களை பிளக்கை மறுநாளே பிரித்துவிட்டோம்.

வாட் கணக்கு எழுதிப் பழகியதால் இன்னொரு கணக்கும் மனதில் ஓடத் தொடங்கியது. நான் திருத்திக் கொடுக்கும் தமிழை எங்கோ ஒரு டேட்டா சென்டர், அதாவது சர்வர்களை அடுக்கி ஓட்டும் கட்டடம், விழுங்குகிறது; அதற்கு எத்தனை வாட்? தன் ஏ.ஐ. செயலியான ஜெமினியிடம் கேட்கும் வழக்கமான ஓர் எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட்-மணி செலவாகிறது என்று கூகுள் 2025 ஆகஸ்டில் ஒரு கணக்கு வெளியிட்டது. என் மின்விசிறி அரை நிமிடம் ஓடும் செலவு. இதைக் கேட்டபோது, இவ்வளவுதானா என்றுதான் தோன்றியது. மொத்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகின் டேட்டா சென்டர்கள் 2024-ல் பயன்படுத்திய மின்சாரம் சுமார் 41,500 கோடி யூனிட். உலக மின்பயன்பாட்டில் ஒன்றரை சதவீதம். 2030-ல் அது 94,500 கோடி யூனிட் அளவை எட்டலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. ஜப்பான் முழுவதும் இன்று ஓராண்டில் பயன்படுத்துவதைவிட இது சற்று அதிகம்.

கோடி யூனிட் என்றால் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. அவருக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன். டேட்டா சென்டரில் ஏ.ஐ. வேலைக்காக எட்டு என்விடியா எச்100 சில்லுகள் பொருத்திய ஒரு சர்வர் பெட்டி அதிகபட்சமாகப் பத்து கிலோவாட்டுக்குச் சற்று மேல் எடுக்கும். எங்கள் போர்வெல்லில் இருக்கும் ஏழரை எச்.பி. மோட்டார் ஐந்தரை கிலோவாட்டுக்குச் சற்று மேல். ‘அப்ப ஒரு பொட்டின்னா நம்ம மோட்டார் ரெண்டுன்னு சொல்லும்மா’ என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘வாய்க்கால்ல தண்ணி வந்தா நாம மோட்டார நிறுத்திடுவோம். அவங்க அத எப்ப நிறுத்துவாங்க?’ என்று கேட்டார். நிறுத்தமாட்டார்கள் என்றேன். இரவும் பகலும் ஓடினால்தான் அந்தப் பெட்டிக்குப் போட்ட காசு வரும்.

இது எங்களுக்கு வெளியூர்ச் செய்தி அல்ல. 2023-ல் ஒரத்தநாட்டுப் பக்கத்து வடசேரி, பழுப்பு நிலக்கரிக்கான ஏலப் பட்டியலில் இருந்தது தெரிந்தபோது இந்தப் பகுதி முழுக்கக் கொதித்தது நினைவிருக்கும். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020-லேயே சட்டம் போட்ட பிறகும் அது பட்டியலில் ஏறியிருந்தது. எதிர்ப்புக்குப் பின் அந்த ஏப்ரலில் நீக்கினார்கள். டேட்டா சென்டருக்காகத்தான் வடசேரியைக் கேட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. மின்தேவை எங்கே கூடினாலும் அதற்கான எரிபொருளைத் தேடுகிறவர்கள் எங்கள் வயலுக்கடியிலும் பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. டேட்டா சென்டர்களை ஓடவைக்கும் வேலையில் நானும் கூலி வாங்குகிறேன் என்பதை மறைப்பதற்கில்லை. என் மாடியின் உபரி யூனிட்டுகள் லைனுக்குப் போவதைக் காட்டி மனதைத் தேற்றிக்கொள்ளலாம்தான். ஒரு நாளுக்கு நான் அனுப்பும் நான்கு யூனிட்டில் அந்தப் பெட்டி அரை மணி நேரம்கூட ஓடாது.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தை, மாசியில் கதிர் அறுக்கும் இயந்திரங்கள் ஓடும்போது பறக்கும் சுணை, பேனல்களின் மேல் பழுப்பாகப் படிந்துவிடும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை, வெயில் ஏறுவதற்கு முன், தண்ணீர் விட்டுத் துணியால் துடைக்க வேண்டும். துடைத்த மறுநாள் ஒன்றரை யூனிட் வரை கூடியதைப் பார்த்திருக்கிறேன். மயில்கள் பேனல்மேல் வந்து உட்காரும். எச்சம் காய்ந்தால் சுரண்டக் கூடாது, ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும். விற்பனைக்குப் பிந்தைய சேவை என்று சொன்னது இரண்டு முறை வந்தது. இரண்டாம் முறை வந்தவர் டீ குடித்துவிட்டு, பேனல் சுத்தமாக இருக்கிறதே என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால், சோலாருக்கு ஐந்தில் மூன்று. விற்றவர் உண்மையைச் சொல்லி இரண்டு கிலோவாட்டை விற்றிருந்தால் நான்கு போட்டிருப்பேன். பேட்டரிக்கு நாலரை, சதவீதக் குழப்பத்துக்காக அரை குறைத்திருக்கிறேன். வயர்மேன் தம்பிக்கு ஐந்து.

நாளை மறுபடியும் மாதாந்திரப் பராமரிப்பு. ஏழு மணி நேர ஒலிப்பதிவை இறக்கி வைத்திருக்கிறேன். பேட்டரி 100 என்று காட்டுகிறது, அதை நான் 95 என்று வைத்துக்கொள்கிறேன். எட்டரைக்குள் சட்னியை அரைத்துவிடுவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.